மட்டத்தைப் பாருங்கள், பட்டாவை அப்புறம் பார்க்கலாம்
வாசகர் கேள்வி – பதில்: ஈரநிலமும் தொழிற்சாலை நிலமும்

ஈரநிலங்களையும் தொழிற்பேட்டைகளையும் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களைச் சுற்றியே இருந்தன: சென்னையின் வடக்கே எண்ணூர் – மீஞ்சூர், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மீஞ்சூர் பக்கம் கிடங்கு கட்ட 4 ஏக்கர் பார்த்திருக்கிறோம். பட்டா சுத்தம், வில்லங்கம் இல்லை, புஞ்சை நிலம் என்கிறார் தரகர். "அது தண்ணி நிக்கிற இடம்" என்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். யாரை நம்புவது? (பொன்னேரி வாசகர்)

முதலில் பெரியவரை நம்புங்கள். அவர் சொன்னது சரியா என்று சோதிக்க ஒரு வாரமும் கொஞ்சம் பணமும் போதும். தரகர் சொன்னது தப்பு என்று தெரிய வருவதற்கோ கட்டடம் எழும்பி ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்தாக வேண்டும்.

பட்டா என்பது நிலம் யாருடையது என்பதற்கான ஆவணம். அது எந்த உயரத்தில் கிடக்கிறது என்று பட்டாவில் இருக்காது. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வது, 1980களில் நடந்தபோது பல இடங்களில் வகைப்பாடு மாறிப் பதிவானது. அதனால் இன்றைய அ-பதிவேட்டை (கிராமத்தின் நிலப் பதிவேடு) மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கேட்டு வாங்குங்கள். ஏரி உள்வாய், ஓடை, கழுவெளி, தாங்கல், உப்பளம், மேய்க்கால், அனாதீனம் இவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருந்தால், இன்றைக்குப் பட்டா யார் பேரில் இருந்தாலும் வக்கீலிடம் போகாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து கிராம வரைபடம். உங்கள் புல எண்ணை மட்டும் காட்டும் புலப்படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது. சுற்றியுள்ள 50 எண்களையாவது ஒன்றாகப் பார்த்தால்தான் எந்த ஏரியின் கலங்கலில் இருந்து, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடத்திலிருந்து, எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று புரியும். வாய்க்கால் உங்கள் நிலத்துக்கு 100 மீட்டர் முன்னால் திடீரென்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் பாதியில் நிற்காது. வரைபடத்தில்தான் கோடு நின்றிருக்கும்.

மூன்றாவது வேலையைத்தான் பலரும் செய்வதில்லை: மட்டம் எடுப்பது. நில அளவையாளரை வைத்து 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கட்டத்தில் முழு நிலத்துக்கும் மட்டம் எடுங்கள். 4 ஏக்கருக்குச் சுமார் 160 புள்ளி வரும். ஒரு நாள் வேலை. அதே கருவியைக் கொண்டே இன்னும் நான்கு இடங்களில் மட்டம் எடுக்கச் சொல்லுங்கள்: அருகிலுள்ள ஏரியின் கலங்கல், சாலையின் நடுமுதுகு, பக்கத்து வாய்க்காலின் அடித்தரை, 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் சுவரில் விட்டுப்போன கறை. உங்கள் நிலம் வெள்ளக் கறைக்குக் கீழே இருந்தால் அது தண்ணீருக்கான இடம். வாய்க்கால் தரைக்கும் கீழே இருந்தால் எந்தப் பம்பாலும் காப்பாற்ற முடியாது.

நான்காவது, மண். கையால் சுழற்றித் துளையிடும் ஆகர் கருவி கொண்டு நாலைந்து இடத்தில் 2 மீட்டர் துளையுங்கள். மேலே செம்மண்ணோ கட்டட இடிபாடோ இருந்து, அதன் கீழே சாம்பல் நீலக் களிமண், அழுகிய முட்டை வாடை, சிப்பித் துண்டு, துருநிறக் கோடு என்று வந்தால் அது ஏற்கெனவே யாரோ கொட்டி மூடிய சதுப்பு. மேலே உமரிச்செடி முளைத்திருந்தால் உப்பும் உண்டு. கம்பியும் கான்கிரீட்டும் அதற்கேற்ற தரத்தில் வேண்டும்.

ஐந்தாவது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கரையோரப் பகுதி. கடலே கண்ணில் படாத இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஓதம் (கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறும் ஆறு, கழிமுகம், உப்பங்கழி எல்லாவற்றின் கரைக்கும் அந்த மண்டலம் நீளும். கோடை உச்சத்தில் தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு என்ற அளவு வரை எவ்வளவு தூரம் போகிறதோ, அதுவரை ஓத எல்லை. கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் இருக்கும் பகுதியில் இதைப் பார்க்காமல் நிலம் வாங்குவது சூதாட்டம். கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உங்கள் புல எண் எந்த வகையில் விழுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உத்தரவாதம் வேண்டாம்.

கேள்வி: நெல் வயல் ஈரநிலமா? ஏரி ஈரநிலமா? (திருக்கழுக்குன்றம் வாசகி)

சூழலியல் பார்வையில் இரண்டுமே ஈரநிலம்தான். 2017ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் நெல் வயலையும், ஆற்றுத் தடத்தையும், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலையையும், உப்பளத்தையும் தம் வரையறையிலிருந்து விலக்கிவைத்திருக்கின்றன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவை என்பதால் இது நமக்குப் பெரிய ஓட்டை. அதற்காக ஏரிக்கு நாதியில்லை என்று நினைக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கு பற்றிய நீதிமன்ற உத்தரவுகளும் இருக்கின்றன. எந்தச் சட்டத்தின் கீழ் மனு எழுதுகிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தப்பான சட்டத்தைக் காட்டி எழுதிய மனுவுக்கு "எங்கள் வரம்பில் இல்லை" என்ற ஒரு வரிப் பதில்தான் வரும்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் என் மனை இருக்கிறது. ராம்சார் எல்லை, 1 கிலோமீட்டர் என்று பேசுகிறார்கள். எல்லையைத் தாண்டி 200 மீட்டரில் இருக்கும் என் மனைக்கும் சதுப்புக்கும் என்ன சம்பந்தம்? (மேடவாக்கம் வாசகர்)

பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது கொடுக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். இதில் காப்புக்காடாக இருப்பது ஏறத்தாழ 700 ஹெக்டேர். மீதியில் பட்டா நிலமும் கட்டடமும் கலந்து கிடக்கின்றன. சிக்கல் எல்லாம் அங்கேதான். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, தாக்கப் பகுதி அறிவியல்படி வரையறுக்கப்படும் வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய திட்ட அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. நீங்கள் கேள்விப்பட்ட 1 கிலோமீட்டர் இதுதான். இது தற்காலிக அளவுகோல். இறுதி எல்லை வட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஒரு பக்கம் 300 மீட்டரில் முடியலாம், தண்ணீர் வரும் திசையில் பல கிலோமீட்டர் நீளலாம். மனு போடுமுன் அன்றைய நிலவரத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட உத்தரவுகள் மாறக்கூடியவை.

சம்பந்தம் என்ன என்று கேட்டீர்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, மேலேயுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் வழியாக இந்தச் சதுப்புக்கு வருகிறது. வெளியேற முக்கியமான வாய் ஒன்றுதான்: ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். உள்ளே வரும் வழி பல, வெளியே போகும் வழி ஒன்று என்றால், இடையில் தண்ணீர் தங்க இடம் வேண்டும். அந்த இடத்தைச் சதுப்பும் அதன் ஓரத்துத் தாழ்நிலங்களும் சேர்ந்தே கொடுக்கின்றன. உங்கள் மனையின் மட்டம் சதுப்பின் மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் சம்பந்தம் குறைவு. கீழே இருந்தால் வேலி எங்கே போட்டிருந்தாலும் அது சதுப்பின் ஒரு பகுதிதான்.

கேள்வி: சிறிய பட்டறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே வருகிறது. 1 ஏக்கரையும் 5 அடி உயர்த்திவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். (கும்மிடிப்பூண்டி வாசகர்)

அவர் சொன்ன வேலையின் அளவை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 5 அடி என்றால் 1.5 மீட்டர். நிரப்ப வேண்டியது சுமார் 6,070 கன மீட்டர். மண்ணை இறுக்கும்போது அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட வேண்டும். ஆக 7,500 கன மீட்டர். 3 யூனிட் லாரிக்கு 8.5 கன மீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 880 லோடு. அவ்வளவு சவுடும் கிராவலும் வேறொரு ஏரியிலிருந்தோ பட்டா நிலத்திலிருந்தோதான் வர வேண்டும். கனிம வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாத மண் என்றால் அபராதம் உங்கள் தலையிலும் விழும்.

இனி அடுத்த வீட்டுக்காரர் பக்கம். நீங்கள் நிரப்பிய 6,070 கன மீட்டர் என்பது 60 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 500 லாரி. மழைக்கு உங்கள் நிலத்தில் நின்ற அந்தத் தண்ணீர் இனி பக்கத்து மனைக்குப் போகும். அவரும் 6 அடி உயர்த்துவார். சென்னையின் தெற்கு விளிம்பில் வீடுகளைவிடச் சாலை தாழ்ந்தது, அடுத்த முறை சாலையைவிட வீடு தாழ்ந்தது என்று மாறி மாறி நடப்பதெல்லாம் இந்தப் போட்டிதான்.

உங்களுக்கே வரும் ஆபத்து வேறு. அடியில் 5 மீட்டருக்கு மென்களிமண் இருந்து அதன்மேல் 1.5 மீட்டர் மண்ணை ஏற்றினால், களியிலுள்ள நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். தரை 30 முதல் 50 சென்டிமீட்டர் வரை இறங்கலாம். அது ஒரே நாளில் நடக்காது, வருடக்கணக்கில் நடக்கும். பைல் (கெட்டித் தரை வரை இறக்கும் அடித்தூண்) போட்ட தூண் அப்படியே நிற்கும். தூண்களுக்கு நடுவிலுள்ள தரைத்தளம் தொங்கும். கழிவுநீர்க் குழாய் கட்டடச் சுவரைத் தாண்டும் இடத்தில் முறியும். இறங்கும் களி பைலையும் கீழே பிடித்து இழுக்கும். வடிவமைப்பில் அந்தச் சுமையைச் சேர்க்காவிட்டால் விரிசல் மேலே வரும். சரியான முறை, களியிலுள்ள நீரை வெளியேற்றும் செங்குத்து வடிகால் பட்டைகளை 1 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் இறக்கி, தேவைக்கு மேல் மண்ணைக் குவித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, இறக்கம் நின்றபின் கூடுதல் மண்ணை எடுத்துவிட்டுக் கட்டுவது. இந்தச் செலவைச் சேர்த்தால் "மலிவான" தாழ்நிலம் மேட்டு நிலத்தைவிட விலை கூடிப்போகும். தொழில் முனைவோருக்கு நாங்கள் சொல்லும் முதல் வாதம் இதுதான்; பறவையெல்லாம் அப்புறம்.

உங்கள் நிலைமைக்கு எங்கள் யோசனை: முழு ஏக்கரையும் உயர்த்தாதீர்கள். இயந்திர மேடை, மின் பலகை, மூலப்பொருள் வைக்கும் இடம் இவற்றை மட்டும் தூண் மேலோ சிறு மேடை மேலோ ஏற்றுங்கள். லாரி நிற்கும் முற்றம் தாழ்ந்தே இருக்கட்டும், வருடத்தில் நாலு நாள் நனையட்டும். எண்ணெய், ரசாயனம் இருக்கும் அறையை வெள்ளக் கறைக்கு ஒரு மீட்டர் மேலே வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதைப் பார்த்தோம்.

கேள்வி: தொழிற்பேட்டைக்குள் குளம் வெட்டிவிட்டால் இழந்த தண்ணீர் இடம் ஈடாகிவிடாதா? (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

ஆகும், குளம் காலியாக இருந்தால். 10 ஏக்கரில் ஒரு நாளைக்கு 100 மில்லிமீட்டர் மழை என்றால் விழுவது 4,047 கன மீட்டர். திறந்த நிலமாக இருந்தபோது அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடியிருக்கும். கூரையும் கான்கிரீட்டும் வந்தபின் ஐந்தில் நான்குக்கு மேல் ஓடும். வித்தியாசம் 2,000 கன மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 1.5 மீட்டர் ஆழக் குளமாக வெட்டினால், சரிவுக் கரையையும் சேர்த்து, 50 சென்ட் போதும். 1,000 சென்டில் 50 சென்ட். பெரிய தியாகம் இல்லை.

நடைமுறையில் தவறுவது ஆழக் கணக்கு. சதுப்போரத்தில் நவம்பர் மாதம் நிலத்தடி நீர் தரைக்கு அரை மீட்டர் கீழே வந்துவிடும். அங்கே 3 மீட்டர் குளம் வெட்டினால் பெருமழைக்கு முன்பே இரண்டரை மீட்டர் நிறைந்திருக்கும். மீதி அரை மீட்டர்தான் உங்களுக்கு உதவும். திட்ட அறிக்கையில் "கொள்ளளவு" என்று முழு 3 மீட்டரையும் எழுதியிருப்பார்கள். அக்டோபர் இறுதியின் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஆழத்தை மட்டும் எண்ணுங்கள். குளத்தை நிரப்பி வைத்து படகு விடும் அழகுத் திட்டங்களையும் பார்த்து வருகிறோம். வெள்ளத்துக்கு அவை ஒரு லிட்டர்கூட உதவாது.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது, 2023இல் நிறைவேறிய தமிழ்நாடு சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்துக்குள் ஏரியோ ஓடையோ இருந்தால், அரசு அதைத் திட்ட நிலத்தோடு மாற்றி அமைத்துக்கொள்ள இது வழி செய்கிறது. கொள்ளளவு குறையக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்படும் பாதுகாப்பு. கொள்ளளவு என்பது கன மீட்டர் மட்டும்தானா? ஏரியை நான்கு கிலோமீட்டர் தள்ளி வெட்டலாம். அதற்கு வரத்து வாய்க்கால் எங்கிருந்து வரும், பழைய ஏரியின் மதகுக்குக் கீழிருந்த வயலுக்கு எந்த மட்டத்தில் தண்ணீர் போகும்? இந்த இரண்டு கேள்விக்கும் எண்ணோடு பதில் சொல்லாத திட்டத்தை ஏற்கக் கூடாது.

கேள்வி: எங்கள் கழியில் நிலக்கரிச் சாம்பல் படிந்து நண்டும் இறாலும் குறைந்துவிட்டன. அள்ளிவிடுகிறோம் என்கிறார்கள். எப்படி அள்ள வேண்டும் என்று நாங்கள் எதைக் கேட்க வேண்டும்? (எண்ணூர் மீனவ வாசகர்கள்)

சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி எரிகிறது. உள்நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். 1,000 மெகாவாட் நிலையம் முழு நாளும் ஓடினால் 5,000 டன்னுக்கு மேல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். சாம்பல் கரகரப்பானது, குழாயின் அடிப்பக்கத்தையே அரிக்கும். அதனால் குழாயை அவ்வப்போது சுழற்றி, தேயாத பக்கம் கீழே வருமாறு வைக்க வேண்டும். இந்த ஒரு பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் ஓட்டை விழும். வளைவுகளிலும் இணைப்புகளிலும் முதலில் விழும். குழாய் கழிக்கு மேலே போகும் இடத்தில் ஓட்டை விழுந்தால் கொட்டுவது கழிக்குள்தான்.

ஆகவே முதல் கேள்வி: கசிவு நின்றதா? கடைசியாகக் குழாயைச் சுழற்றிய தேதி, மாற்றிய நீளம், தடிமன் அளந்த பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் வடிகட்டிக் கூண்டிலிருந்து உலர்சாம்பலாகவே எடுத்துச் சிமென்ட் ஆலைக்கு அனுப்பும் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். உலர்வாக எடுக்கும் ஒவ்வொரு டன்னும் குழாயில் போகாத டன்.

இரண்டாவது: எவ்வளவு ஆழம் அள்ள வேண்டும்? கழியின் குறுக்கே 50 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, கோட்டில் பல இடங்களில் குழாய் இறக்கி மண் மாதிரி எடுத்தால், மேலே வெளிர்சாம்பலும் கீழே கருங்களியும் பிரியும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோடு வரைக்கும்தான் அள்ள வேண்டும். அதற்குக் கீழே தோண்டினால் குழி விழும். குழியில் ஓதம் ஏறி இறங்காது, தண்ணீர் தங்கி, பிராணவாயு குறையும். ஒப்பந்தக்காரருக்குக் கன மீட்டர் கணக்கில் பணம் என்றால் அவர் ஆழமாகத் தோண்டவே பார்ப்பார். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்டங்களை வைத்துப் பணம் கொடுக்கும் ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது: அள்ளியதை எங்கே கொண்டுபோவார்கள்? கரையில் குவித்தால் அடுத்த மழையில் திரும்பி வரும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கலங்கிய தண்ணீர் பரவாமல் தடுக்கும் திரை, பெரிய ஓத நாட்களில் வேலை நிறுத்தம், வடகிழக்குப் பருவமழையில் முழு நிறுத்தம் ஆகியவையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். இறால் குஞ்சு கழிக்குள் ஏறும் பருவம் எந்த மாதம், எந்த இடத்தில் பாடு (முறைவைத்து மீன்பிடிப்பது) நடக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை வரைபடத்தில் குறித்து, ஊர்ப் பஞ்சாயத்தின் கடிதத்தோடு கொடுங்கள்.

கேள்வி: சதுப்பின் குறுக்கே சாலை போட்டுப் பெரிய சிமென்ட் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் போக வழி இருக்கிறதுதானே? (மணலி புதுநகர் வாசகர்)

தண்ணீர் 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு 30 சதுர மீட்டர் வாய் இருந்தது. 900 மில்லிமீட்டர் குழாய் ஒன்றின் வாய் 0.64 சதுர மீட்டர். பத்துக் குழாய் வைத்தாலும் 6.4. ஐந்தில் ஒன்று. அதிலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் பாதியை அடைத்துவிடும். குழாயின் அடிப்பகுதி கழியின் தரையைவிட அரை மீட்டர் மேலே இருந்தால் சின்ன ஓதங்கள் அந்தப் பக்கம் போகவே போகாது. அப்புறம் மறுபக்கம் உப்பு மாறும், செடி மாறும், மீன் மாறும். தூண் மேல் பாலமே சரியான வழி. அதற்குப் பணமில்லை என்றால் அடித்தரை மட்டத்திலேயே பெட்டிப் பாலங்கள். கட்டும்போது லாரி போகப் போட்ட தற்காலிக மண் பாதையை எடுத்தார்களா என்று பாருங்கள். "தற்காலிகம்" பத்து வருடம் கிடப்பது உண்டு.

கேள்வி: ஒரு ஏக்கர் அலையாத்தியை எடுத்தால் மூன்று ஏக்கர் நடுகிறோம் என்கிறார்கள். நல்ல பேரம்தானே? (கடலூர் வாசகி)

மூன்று மடங்கு என்பது 2019ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்குத் தவிர்க்க முடியாமல் அலையாத்தி வழியே சாலை போடும்போது அழிவதற்கு ஈடு. பேரம் நல்லதா என்பது நடும் இடத்தின் மட்டத்தைப் பொறுத்தது. நம் கிழக்குக் கரையில் பெரிய ஓதத்திலேயே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் 1 மீட்டர். அலையாத்தி மரங்களில் ஒன்றான வெண்கண்டல் பிழைக்கும் உயரம் அதற்குள் ஒரு குறுகிய பட்டை. 20, 30 சென்டிமீட்டர் தாழ்ந்தால் நாற்று மூழ்கிச் சாகும். மேலே போனால் உப்பு ஏறிக் காயும். பிச்சாவரத்தில் பயன்பட்ட மீன்முள் வடிவ வாய்க்கால் இந்த மேட்டு நிலத்துக்குள் ஓதத்தைக் கொண்டுபோகத்தான். அதே முறையை உள்ளான் பறவைகள் இரை தேடும் வெற்றுச் சேற்றுவெளியில் வெட்டினால், ஒரு ஈரநிலத்தை அழித்து இன்னொன்றை நட்டதாகக் கணக்கு வரும்.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 1990இல் அங்கே வகுத்த வரிசை: முதலில் தவிர், பிறகு குறை, கடைசியாக ஈடு செய். 2001இல் அவர்களுடைய தேசிய ஆய்வுக் குழு ஆராய்ந்தபோது, நிகர இழப்பு இல்லை என்ற இலக்கு எட்டப்படவில்லை என்றே முடிவு வந்தது. ஈடாக வெட்டிய பல இடங்கள் குளமாகத்தான் இருந்தன, சதுப்பாக இல்லை. ஈடு வேண்டுமென்றால் முதலில் அங்கே செடி பிழைத்துக் காட்டட்டும், பிறகு இங்கே வெட்டட்டும். இந்த வரிசையை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் தடை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை எங்கே? (அத்திப்பட்டு வாசகர்)

நியாயமான கேள்வி. கழிமுகத்தில்தான் இருந்தாக வேண்டிய வேலை எவை என்று பட்டியல் போடுங்கள். கப்பல் அணையும் துறை, கடல்நீர் எடுக்கும் வாய், படகு பழுதுபார்க்கும் இடம், இவ்வளவுதான். பெட்டகக் கிடங்கு, லாரி நிறுத்தம், நிலக்கரிக் குவியல், பொட்டலம் கட்டும் கூடம் இவற்றுக்குத் தண்ணீர் ஓரம் தேவையே இல்லை. ரயிலும் சாலையும் போதும். 10 கிலோமீட்டர் உள்ளே மேட்டு நிலத்தில் இருந்தாலும் அதே வேலை, அதே ஆட்கள். அவை கழிக்கு வருவதற்குக் காரணம் அங்கே நிலம் புறம்போக்காக, மலிவாக, எதிர்த்துப் பேச ஆள் குறைவாக இருப்பதுதான். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகமாகச் சுமார் 6,500 ஏக்கர் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குள் வந்த ஒவ்வொன்றையும் இந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் எத்தனை மிஞ்சும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். மீன்பிடியும் வேலைதான் என்பதை மறந்துவிட்டு எழுதும் வேலைவாய்ப்புக் கணக்கை நாங்கள் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் வருகிறது. 600 பக்கச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் எதைப் பார்ப்பது? கூட்டம் முடிந்த பிறகு என்ன செய்ய முடியும்? (பழவேற்காடு வாசகி)

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். தமிழ்ச் சுருக்கமும் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. பேசியது பதிவாகிறதா என்பதே முக்கியம். அதனால் எழுதிக் கொடுங்கள், ஒப்புதல் முத்திரை வாங்குங்கள், கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

600 பக்கத்தையும் படிக்க வேண்டாம். தண்ணீர், பறவை மாதிரி எடுத்த தேதிகளைப் பாருங்கள். மார்ச் முதல் மே வரை மட்டும் எடுத்திருந்தால், வலசைப் பறவையும் இல்லை, வெள்ளமும் இல்லை. அந்த அத்தியாயமே வீண். மட்ட வரைபடம் இருக்கிறதா, எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு உயர்த்துகிறார்கள் என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பும் மண் எங்கிருந்து என்று ஊர்ப் பெயரோடு இருக்க வேண்டும். உயர் ஓதக் கோட்டை அங்கீகாரம் பெற்ற நிறுவனம் குறித்திருக்க வேண்டும். வெள்ளக் கணக்கு எத்தனை ஆண்டு மழைக்கு என்பதும், அப்போது கடலில் ஓதம் ஏறியிருந்ததாக வைத்தார்களா இறங்கியிருந்ததாகவா என்பதும் முக்கியம். இறங்கியதாக வைத்தால் தண்ணீர் தாளில் சுலபமாக வடிந்துவிடும்.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால், தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். தேதியைக் குறித்துவைக்க ஊரில் ஒருவரை நியமியுங்கள்.

அனுமதி பெற்ற நிறுவனம் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். டிசம்பர் அறிக்கையை வாங்கி, "நீர்வழி தடையின்றிப் பராமரிக்கப்படுகிறது" என்று எழுதியிருக்கும் பத்தியை வைத்துக்கொண்டு, அதே வாரத்தில் தேதி தெரியுமாறு அந்த நீர்வழியைப் படம் எடுத்து, இரண்டையும் ஒரே உறையில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.